இருட்டில் வைத்த வாளி

தொண்ணூறுகளில், மயிலாப்பூர் வீட்டிலிருந்து அடையாறு பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். சாயப்பட்டறைக் கழிவுநீரின் நிறத்தை வெளிச்சத்தாலேயே உடைப்பதுதான் என் ஆராய்ச்சி. மாவைவிடப் பல மடங்கு நுண்ணிய டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைச் சாயத் தண்ணீரில் கலக்கி வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும். போகவும் செய்தது. தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அப்புறம் வந்தது வினை. அலமாரிக்குள் நாள்கணக்கில் மறந்துபோயிருந்த ஒரு குடுவையிலும் நீலம் வெளிறியிருந்தது. பேராசிரியர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“இருட்டுலயும் கலர் போச்சுன்னா வெளிச்சத்துக்கு இங்க என்னம்மா வேலை? சாயம் உடையல, பொடியில ஒட்டிக்கிட்டிருக்கு. நல்ல இருட்டுல வச்சுப் பாரு. அப்பவும் இப்படித்தான்னா, மொதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.”

மூன்று வருஷ உழைப்பு. அந்த அலமாரிக் கதவு சரியாகச் சாத்திக்கொள்ளாது, இடுக்கு வழியாக வெளிச்சம் போயிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். சந்தேகத்தை வைத்துக்கொண்டு பட்டம் வாங்க முடியுமா? சோறு இறங்கவில்லை.

வீட்டிலேயே இரண்டு வாளியில் நீலச் சாயம் கலக்கிப் பொடியைப் போட்டேன். ஒன்று மொட்டை மாடி வெயிலில். மற்றது ஜன்னலே இல்லாத குளியலறையில், பலகை போட்டு மூடி. வெளிச்சம் பட்டுத் தொலைக்குமே என்று திறந்து பார்க்கவும் பயம். இந்த அவஸ்தை எதிரிக்குக்கூட வேண்டாம்.

மறுநாள் மத்தியானம் மாடி வாளியில் பொடி அடியில் தங்கி, மேலே வெறும் தண்ணீர் நின்றது. சந்தோஷப்படவா முடிகிறது? கீழே இருப்பதும் இப்படியே இருந்தால் எல்லாம் போச்சு. படியிறங்கினேன். குளியலறையில் பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது. வாளி காலி.

கொல்லையில் துவைக்கிற கல்லருகே மாமியார் நின்றிருந்தார். கொடியில் மாமனாரின் வேஷ்டி, திட்டுத் திட்டாகக் கருநீலம். மாமியாரின் கையும் முழங்கை வரை அப்படியே.

“நீ வேஷ்டிக்கு நீலம் கரைச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சுண்டேன்டி. சாயங்காலம் மாமா ஒரு கல்யாணத்துக்குப் போகணும். எத்தனை அலசினாலும் போகலை.”

“வேஷ்டி கிடக்கட்டும்மா. தண்ணி எப்படி இருந்துது? வெளிறி இருந்துதா?”

“வெளிறலாவது. மையாட்டம்னா இருந்துது.”

“சத்தியமா?”

“இதுக்கெல்லாமா சத்தியம் பண்ணுவா?” என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மறுபடியும் வாளி வைக்க வேண்டும், அளக்க வேண்டும். வேஷ்டியையா பேராசிரியரிடம் காட்ட முடியும்? ஆனாலும் மூன்று வருஷம் வீண்போகவில்லை. அந்த நிம்மதியை எனக்கு வாயால் சொல்லத் தெரியவில்லை.

மாமியார் நீலக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து என் தோளைத் தொட்டார்.

“இதுக்குப் போய் அழுவாளா? மாமா கேட்டா நான் சொல்லிக்கறேன். வேஷ்டிதானே, போகட்டும் விடு.”