பெரியம்மா மகளின் சால்வை

எட்டு வயதில் நான் ஒரு நூல்கண்டின் மேல் பொறாமைப்பட்டேன். மற்ற பிள்ளைகள் தம்பியைப் பார்த்தோ, பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிளைப் பார்த்தோ பொறாமைப்படுவார்கள். எனக்குத் தம்பி கிடையாது. பக்கத்து வீட்டில் சைக்கிளும் கிடையாது. எனக்கு வாய்த்தது ஒரு வெள்ளை நூல்கண்டு.

நாங்கள் சேரன்மகாதேவியில் இருந்தோம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றினாள். காலையில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். அவள் விரல்கள் இலைக்கறையில் பழுப்பேறி இருக்கும். சோறு பிசைந்து எனக்கு ஊட்டும்போது குழம்பு வாசத்தோடு புகையிலை வாசமும் சேர்ந்து வரும். அதுதான் அம்மாவின் வாசம் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அந்த வருஷம் ஆனியில் சாரல் தொடங்கிய சமயம், அம்மா திருநெல்வேலி டவுனுக்குப் போய் வெள்ளை நூல்கண்டுகள் வாங்கி வந்தாள். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து நுனியில் சின்னக் கொக்கி உள்ள ஓர் ஊசியை எடுத்தாள். குரோஷா ஊசி. கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவும் பெரியம்மாவும் பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தார்களாம். அங்கே கற்றுக்கொண்டதாம் அந்தப் பின்னல். அம்மாவுக்கு இப்படி ஒரு வேலை தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பீடியைக் கட்டி வைத்ததும் கை கழுவப் போவாள். முதலில் எலுமிச்சந்தோலை வைத்துத் தேய்ப்பாள். பிறகு அரிசிமாவு. பிறகு சோப்பு. விரலை மோந்து பார்த்துவிட்டுத் திருப்தி இல்லையென்றால் மறுபடியும் சோப்பு. வெள்ளை நூலில் கறை படக்கூடாது, வாசம் ஏறக்கூடாது. எனக்குச் சோறு ஊட்ட ஒரு தடவை கழுவிய கை, நூலைத் தொட மூன்று தடவை கழுவிக்கொண்டது. இதை நான் மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டேன்.

யாருக்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

"பெரியம்மா மவளுக்குச் சால்வைலே. மலையில குளிருமுல்லா."

பெரியப்பா மணிமுத்தாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அவர்களுக்கு ஒரே மகள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். அந்த மலையில் வருஷத்தில் பாதி நாள் மழையும் மேகமும்தான். அவளுக்கோ கம்பளி ஆகாது, பட்ட இடமெல்லாம் தடித்து விடுகிறது, ராத்திரி சொறிந்துகொண்டே அழுகிறாள் என்று பெரியம்மா கடிதம் போட்டிருந்தாள். மெல்லிய நூலில் பின்னினால் மேலுக்கு இதமாக இருக்கும், இரண்டாக மடித்துப் போட்டால் குளிரும் தாங்கும், கழுத்தில் கனக்கவும் செய்யாது. இதையெல்லாம் அம்மா ஊசியைப் பார்த்தபடியே சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"எனக்கு?"

"லேஸு வச்ச சால்வையா? அதப் போத்திக்கிட்டு பள்ளிக்கூடம் போவியாக்கும்?" என்று சிரித்தாள்.

போயிருப்பேன். அது அம்மாவுக்குத் தெரியவில்லை.

நான் பேசாத பிள்ளை. வீட்டுக்கு வருகிறவர்கள் என்னை ஊமை என்று நினைத்து அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி விசாரிப்பார்கள். இப்போது ஐம்பதை நெருங்கிவிட்டேன், இன்னும் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு வா என்று இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. பேசாதவனுக்குப் பார்க்கிற வேலை நிறைய உண்டு. நான் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொக்கி போய் நூலைப் பிடித்துக்கொண்டு வரும். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி. அப்படியே சின்னச் சின்ன விசிறிகளாக வரிசை கூடிக்கொண்டு போகும். தப்பு வந்தால் அம்மா ஊசியை உருவிவிட்டு நூலை இழுப்பாள். மொத்தமும் ஒரே நூல். இழுத்தால் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அம்மா பீடிக் கடையில் சுற்றின பீடியைக் கொடுக்கப் போயிருந்த ஒரு நாள், நானும் இழுத்தேன்.

இரண்டு வரிசையோடு நிறுத்திவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு கண்ணியும் விட்டுக்கொடுக்கும்போது விரலில் ஒரு சின்னத் துள்ளல் தெரியும். அந்தச் சுகத்தில் நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வேலை தரையில் இடியாப்பம் போலக் கிடந்தது. அம்மா வந்து பார்த்தாள். நூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அடியை எதிர்பார்த்து முதுகைக் காட்டி நின்றேன். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, சிக்கெடுத்து, நூலைத் திரும்பக் கண்டாகச் சுற்ற ஆரம்பித்தாள்.

"சரி, இன்னுங் கொஞ்ச நாள் நம்ம கையில இருக்கட்டும்" என்றாள்.

கோபமே இல்லை. எனக்கு அது அடியைவிடக் கசந்தது. என்மேல் கோபப்படக்கூட அந்தச் சால்வை அவளை விடவில்லை என்று நினைத்தேன்.

புரட்டாசியில் சால்வை முடிந்தது. சோப்பில் அலசி, பத்தமடைப் பாயில் இழுத்து விரித்துக் காயவைக்க வேண்டும். அப்போதுதான் விசிறிகள் மலர்ந்து நிற்கும். ஓரத்தைக் குத்தி நிறுத்தக் குண்டூசி ஆகாது, ஈரத்தில் துருக்கறை விடும். உடைமரத்து முள் வேண்டும். அதைப் பொறுக்கிக்கொண்டு வர என்னைத்தான் அனுப்பினாள். யாரைப் பிடிக்கவில்லையோ அவளுடைய சால்வைக்காக நான் குளத்தங்கரையில் கையைக் கிழித்துக்கொண்டு முள் பறித்தேன். காய்ந்த பிறகு அம்மா அதை மடித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அத்தனை பெரிய சால்வை, ஒரு கைக்குள் அடங்கிவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை பெரியம்மா பெற்றவள் இல்லை. என் அம்மா பெற்றவள். பெரியம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகக் குழந்தை இல்லை. எனக்குப் பின்னால் பிறந்தவளை மூன்று மாதத்தில் அக்காவின் கையில் கொடுத்துவிட்டாள் அம்மா. பிள்ளைக்குத் தெரியக்கூடாது, வருஷத்தில் ஒரு தடவை சித்தியாக வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று பேச்சு. எனக்கு இது இருபது வயதில்தான் தெரியும். ஆலை வாசலில் லாரிக்குக் காத்திருந்தபோது அப்பா சொன்னார். "அது நம்ம பிள்ளைலே" என்றார். பிறகு லாரி வந்துவிட்டது. பெரியம்மா மகள் எப்படியும் எனக்குத் தங்கச்சி முறைதான். ஆகவே என்னிடம் யாரும் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்கவில்லை.

எட்டு வயதில் இது ஒன்றும் தெரியாமல், காலாண்டுப் பரீட்சை லீவில், அம்மாவோடு மலைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அம்மா பையை மடியிலேயே வைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

போய்ச் சேர்ந்த சாயங்காலமே அம்மா பெரியம்மாவை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கதவோரம் நின்றேன். நான் எங்கே நின்றாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். பெரியம்மா சால்வையை விரித்துப் பார்த்து, "ஏட்டி, என்ன இது! பூ மாதிரில்லா இருக்கு!" என்றாள்.

"நீ பின்னுனதாச் சொல்லி நீயே போட்டு விடுக்கா" என்றாள் அம்மா.

"எதுக்கு? நீ குடுத்தா என்னட்டி?"

"நான் குடுத்தா சித்தி குடுத்ததுன்னு பெட்டியில வச்சிருவா. நல்லது கெட்டதுக்குத்தான் எடுப்பா. நீ குடுத்தா தெனமும் போடுவா."

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சால்வையை மடித்தாள். மறுபடி விரித்தாள். மறுபடி மடித்தாள். எனக்கோ உடம்பெல்லாம் கொதித்தது. நாலு மாதம் அந்தக் கை யாருக்காகவோ வேலை செய்தது போதாதென்று, இப்போது அந்தப் பெயரையும் தூக்கிக் கொடுக்கிறாளே!

மறுநாள் காலையில் மேகம் முற்றம்வரை இறங்கியிருந்தது. பெரியம்மா சால்வையைக் கொண்டுவந்து மகளுக்குப் போர்த்திவிட்டாள். முன்னால் ஒரு முடிச்சும் போட்டாள். அவள் கழுத்தைச் சாய்த்துக் கன்னத்தை அதில் உரசினாள். சொறியவில்லை. அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு வேலையும் செய்யாமல் அம்மா சும்மா நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தப் பிள்ளை நேராக என்னிடம் வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"எங்கம்மா பின்னுனது. ஒனக்கு இருக்கா?"

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒனக்கு எப்படி இருக்கும்? சித்திக்குப் பீடிதான சுத்தத் தெரியும்!"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு வாயில் வந்தது அவ்வளவுதான். ஆனால் எனக்குள் நாலு மாதமாகச் சேர்ந்திருந்தது ஒரே மூச்சில் வெளியே வந்தது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

"பொய்! இது எங்கம்மா பின்னுனது! நாலு மாசமாப் பின்னுனா! ஒங்கம்மா ஒண்ணும் பின்னல!"

அடுப்படியில் சத்தம் நின்றுபோனது. முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த பெரியப்பா அப்படியே குனிந்தபடி இருந்தார். பெரியம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அந்தப் பிள்ளை என்னை நம்பவில்லை. "மோந்து பாரு, பீடி வாசம் அடிக்கும்" என்றேன். அவள் முனையைத் தூக்கி மூக்கில் வைத்தாள்.

"சோப்பு வாசம்லா அடிக்கி" என்றாள். ஆனாலும் சந்தேகம் வந்துவிட்டது. என் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். "சித்தி, இவன் சொல்லுதது நெசமா?"

அம்மா வந்தாள். வந்த வேகத்தில் என் கன்னத்தில் ஒன்று விட்டாள். அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததே இல்லை. பிறகு அந்தப் பிள்ளையின் முன்னால் முட்டுக்குத்தி உட்கார்ந்து, நழுவியிருந்த சால்வையை இழுத்துச் சரிசெய்தாள். முடிச்சை அவிழ்த்து, இறுக்கமில்லாமல் திரும்பப் போட்டாள். அதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"பொய் சொல்லுதாண்டி. ஒங்கம்மா பின்னுனதுதான். சித்திக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நீ சொன்ன மாதிரி, பீடிதான் சுத்தத் தெரியும்."

"சொன்னேம்லா!" என்று அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டு, பெரியப்பாவிடம் காட்ட ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அடிபட்டவன் நான். அழுததோ பெரியம்மா. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதாள். அம்மாதான் அவள் முதுகைத் தடவி, "பேசாம இருக்கா, பிள்ள பாக்கப் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மத்தியானம் பஸ்ஸுக்கு வந்தபோது பெரியம்மா ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அரைப் பரீட்சை லீவுக்கும் வந்துருட்டி. தெனமும் போடுதாளான்னு நீயே பாரு" என்றாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருவதே எனக்குப் பெரிய பாடாக இருக்க, இனி இரண்டு தடவையா என்று நான் நொந்துகொண்டேன். தள்ளி நின்ற அந்தப் பிள்ளை சால்வையின் முனையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குக் கையாட்டினாள்.

பஸ் வளைவுகளில் இறங்கியது. அம்மா என் கன்னத்தைத் தடவினாள். வலிக்குதா என்று கேட்டாள். நான் நடந்ததை ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு வந்தேன். கீழே அணைக்கட்டுத் தண்ணீர் தெரிகிற இடம் வந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சால்வையை அம்மா அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. பெரியம்மாதான் கொடுத்தாள். தான் பின்னவில்லை என்று அம்மா தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை அதை எத்தனை நாள் போட்டாலும் என் அம்மாவை ஒரு நாளும் நினைக்கப் போவதில்லை. என்னை அடித்தது வெறும் பாசாங்கு. ஜெயித்தது நான்தான்.

இருந்தாலும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ள நினைத்தேன்.

"அவளுக்கு நீ ஒண்ணும் குடுக்கலல்லா, ம்மா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அடுத்த வளைவும் கடந்த பிறகுதான் சொன்னாள்.

"இல்லய்யா. நான் ஒண்ணும் குடுக்கல."

எனக்கு அது போதும். பை இல்லாமல் காலியாக இருந்த அவள் மடியில் தலையை வைத்து, சேரன்மகாதேவி வரும்வரை சந்தோஷமாகத் தூங்கினேன்.