செங்கல் நிறம் கண்டு மாத்திரையை நிறுத்திய கம்பவுண்டர்

ராமாமிர்தம் எங்கள் சித்தப்பா மகள் சௌந்தரத்தைக் கட்டினவர். அவர் அம்மா வழியில் எல்லாருக்குமே மூளையைவிட வாய் ஜாஸ்தி. சிதம்பரத்தில் ஒரு கிளினிக்கில் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தார். வேலையை விட்டு வரும்போது ஒரு ஸ்பிரிட் விளக்கும் நாலு கண்ணாடிக் குழாயும் கொண்டுவந்தார். டாக்டர் பட்டமும் கூடவே வந்துவிட்டதாக நினைப்பு.

சொந்தத்தில் யாருக்குச் சர்க்கரை என்றாலும் மூத்திரத்தைக் கேட்பார். நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சுவார். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் ஆள் அவ்வளவுதான். என் தம்பி மகன் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி கையிலேயே பாட்டிலைக் கொடுத்த மனுஷன்.

போன வருஷம் கடலூர் டாக்டர் சௌந்தரத்தின் சர்க்கரைக்குப் புது மாத்திரை எழுதிக்கொடுத்தார். பத்தாம் நாள் இவர் காய்ச்சிப் பார்த்தார். செங்கலேதான்.

"பாத்தியா? மாத்திரை போட்டு ஏறிடுச்சு! இவன்லாம் ஒரு டாக்டரு!"

மாத்திரையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

சௌந்தரத்தின் அண்ணன் மகள் வினோதினி உயிர்வேதியியல் படித்தவள். கேள்விப்பட்டு ஓடிவந்தாள்.

"மாமா, சிவந்தா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். கிட்னி ரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் வெளிய வந்துடும். அதைத் திரும்ப ரத்தத்துக்கு இழுக்க அங்க சின்னச் சின்னப் புரோட்டீன் இருக்கு."

இரண்டு கையையும் சேர்த்து, மேல்பக்கம் விரித்துக் காட்டினாள்.

"இப்படி வெளிப்பக்கம் வாயைத் திறந்திருக்கும். உப்பும் சர்க்கரையும் வந்து உக்காந்ததும் உருவம் மாறும். மேல மூடிக்கும், கீழ திறக்கும், சர்க்கரை உள்ள போயிடும். ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் திறக்காது. இந்த மாத்திரை சர்க்கரை உக்கார்ற இடத்துல போயி உக்காந்துக்கும். அது உருவம் மாற முடியாம அப்படியே நின்னுடும். சர்க்கரை மூத்திரத்துல போயிடும். நீங்க ரத்தத்தைப் பாருங்க மாமா."

"சதையில ஏதுடி வாயும் மூடியும்? காலேஜ்ல கேண்டீன்லயே இருந்தியா? முப்பது வருஷம் கலர் பாத்த கண்ணு இது!"

அந்தக் கண்ணுக்கு, பெண்டாட்டி இளைத்துக்கொண்டே போனது மட்டும் தெரியவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். இவரோ நிறம் செங்கலிலிருந்து கொஞ்சம் இறங்கி ஆரஞ்சானதும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் மாதம் திருவந்திபுரம் கோயில் வரிசையில் சௌந்தரம் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நானூற்று இருபது. வினோதினி சொன்னதையே டாக்டரும் சொன்னார். இந்த மனுஷன் தாடையைச் சொறிந்துகொண்டு, "நீல மருந்து பழசாயிடுச்சு போல" என்றார்.

ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். டாக்டர் அதே மாத்திரையைத் திரும்ப எழுதியிருந்தார். காலையில் சௌந்தரம் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டபோது, இவர் புதுசாக வாங்கின நீல மருந்தோடும் காலி பாட்டிலோடும் வந்து நின்றார்.

தண்ணீரைக் குடித்து முடித்து அவள் சொன்னாள்:

"இனிமே ஒங்களுத காய்ச்சுங்க."

மாத்திரை அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.