கோணல் தையல்

என்னிடம் ஒரு நீலத் தலையணை உறை இருக்கிறது. அதன் ஓரத் தையல் நேராகப் புறப்பட்டு, பாதி வழியில் பக்கத்துத் தெருவுக்குப் போய், பிறகு மனம் மாறித் திரும்பி வரும். யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். என் சின்னம்மா உடைந்த காலால் தைத்த முதல் உறை அது.

சின்னம்மா டோர்ட்மண்டில் பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதித் தேறி அந்த வேலைக்குப் போனவர். ஒரு மாசி மாதம், கூட வேலை செய்பவர்களோடு முதன்முதலாகப் பனிச்சறுக்குக்குப் போனார். அன்று மாலையே விழுந்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. தகடும் ஆணியும் வைத்துச் சேர்த்தார்கள். பிரேக் மிதிக்கிற கால் அது. கம்பனி டொக்டர் அந்தக் காலைப் பார்த்துச் சரி சொல்லாவிட்டால் பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில் என் அம்மா தங்கையைப் பார்த்து முதலில் அழுதார், பிறகு ஏசினார். "வயசு போன நேரத்திலை உனக்கேன் இந்தச் சறுக்கல்? பஸ்ஸும் போதும், பனியும் போதும். பேசாமல் வீட்டிலை இரு."

"ஏனக்கா, வெயில் நாட்டிலை பிறந்தவை பனியிலை விழக்கூடாதெண்டு சட்டமோ?" என்று சின்னம்மா சிரித்தார். அம்மா வெளியே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்ரை பஸ் வேணும் பிள்ளை" என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

காலில் பாரம் கொடுக்கலாம் என்று ஆன பின், பயிற்சி கொடுக்க வந்த பெண் பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னாள். வெறுமனே காலாட்டிக்கொண்டிருக்கச் சின்னம்மாவுக்குப் பொறுமை இல்லை. பழைய சாமான் சந்தையில் வாங்கிப் பூச்சாடி வைத்திருந்த கால்மிதித் தையல் மெஷினை இழுத்துவரச் சொன்னார். இடது காலை ஒதுக்கிவிட்டு வலது காலால் மட்டும் மிதித்தார். பயிற்சிப் பெண் தானும் மிதித்துப் பார்த்துவிட்டு, நல்லதுதான், தொடருங்கள் என்றாள். வலி வந்து கால் தடுமாறிய இடத்திலெல்லாம் தையல் கோணியது. அந்த முதல் உறையை அம்மா மேசை துடைக்க எடுத்தார். நான் பறித்து வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு உறைகள் பெருகின. சொந்தக்காரர், கோயிலில் தெரிந்தவர்கள், மேல்வீட்டு ஜெர்மன்காரர், ஒருவரும் தப்பவில்லை. "எங்களுக்கென்ன ஆளுக்குப் பத்துத் தலையோ?" என்று சின்னையா பகிடி விட்டார். தையலோ வரவர நேரானது. நினைத்த இடத்தில் மெஷினை மெல்ல நிறுத்தக் கால் பழகிவிட்டது.

மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிய நாட்களில் கம்பனி டொக்டர் சரி சொன்னார். சின்னம்மா மீண்டும் ஓட்டிய முதல் நாள் அம்மாவும் நானும் அந்த பஸ்ஸில் ஏறினோம். வீட்டில் இரு என்று ஏசிய அதே அம்மா, முன் இருக்கையில் இருந்துகொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் "மைனே ஷ்வெஸ்டர்", என் தங்கை, என்று ஜெர்மனில் சொல்லிச் சின்னம்மாவைக் கைகாட்டினார். சின்னம்மா கண்ணாடியில் முறைத்தார். தரிப்பிடத்தில் பஸ் நின்றபோது அம்மா வழியில் வாங்கி மடியில் வைத்திருந்த ஆரஞ்சுத் தோடம்பழங்களில் ஒன்றுகூட உருளவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன கிழமை அம்மா என் வீட்டுக்கு வந்தார். கட்டிலில் கிடந்த நீல உறையின் கோணல் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இதை எனக்குத் தா பிள்ளை. என்ரை தங்கச்சி தைச்சது."

"மேசை துடைக்கவோ அம்மா?"

"பகிடியை விட்டிட்டுத் தா."

"ஏலாது" என்று வாங்கி, என் தலையணைக்குப் போட்டேன்.