மயிலிட்டியிலிருந்து வந்த பெரிய குழல்

மாமா அந்தக் குழலை ஊதிப் பார்த்தது 1937ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை பின்னேரம். திகதியை என்னால் இன்று நிச்சயிக்க முடியவில்லை. ஆண்டில் மட்டும் ஐயம் இல்லை. புதிய மன்னரின் முடிசூட்டு விழாவுக்கென்று சித்திரை முடிவில் எங்கள் பள்ளிக்கூடத்தில் காகிதக் கொடிகள் தந்தார்கள். அந்த விழாவின் ஊர்வலத்தில் ஊதுவதற்காகத்தான் மாமாவுக்குக் குழல் தேவைப்பட்டது. கிழமைக்கும் சாட்சி உண்டு. அம்மா அன்று பங்குனித் திங்கள் விரதம்.

மாமா அம்மாவின் தமையன். மலாயாவில் ஒரு றெயில்வேக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். அங்கே வேலை செய்தவர்கள் சிலர் ஓய்வு நேரத்தில் ஒரு பாண்டு வாத்தியக் கோஷ்டி நடத்தினார்கள். அதில் மாமாவின் வாத்தியம் டியூபா. மற்றக் குழல்களுக்கெல்லாம் கீழே நின்று அடித்தொனி கொடுக்கிற மிகப் பெரிய பித்தளைக் குழல் அது. அதற்கு முந்திய ஆண்டு மாரிக்கு முன் வேலையை விட்டுவிட்டுப் பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வளவின் தெற்குப் பக்கத்தில் அவருக்கென்று புதுக் கிடுகு வேய்ந்து ஒரு கொட்டில் போட்டார்கள். அவருக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு, தனிப் பாய். அந்தக் கோப்பையில் நீலக் கரை போட்டிருந்தது. மலாயாவிலிருந்து வந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை இது என்று எண்ணி, அப்படியொரு கோப்பை எனக்கும் வேண்டும் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

மாமா மலாயாவில் ஊதிய குழல் கோஷ்டியின் சொத்து. அதை அங்கேயே விட்டுவிட்டு, வாய் வைத்து ஊதும் சிறு வெள்ளிக் கிண்ணத்தை மட்டும் ஒரு லேஞ்சித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சில நாட்களில் அதை அவிழ்த்து எடுத்து, குழல் எதுவும் இல்லாமலே உதட்டில் வைத்து ஊதுவார். வண்டு ரீங்காரம் இடுவதுபோல் ஒரு சத்தம் வரும். நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். பிறகு இருமுவார்.

மயிலிட்டியிலும் ஒரு பாண்டு இருந்தது. அதில் பெரிய மேளம் அடிப்பவரிடம் அவருடைய தமையன் கப்பலில் வேலை செய்த காலத்தில் வாங்கிவந்த டியூபா ஒன்று கிடந்தது. தமையன் இறந்த பின் அதை ஊத ஆள் இல்லை. மாமா அதை வாங்கிக்கொண்டால், முடிசூட்டு ஊர்வலத்தில் அவர்களுடன் நடந்து ஊதலாம் என்று பேச்சு. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மாமா வந்த நாளிலிருந்து தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அதனால் அவள் தடுக்கவில்லை.

மேளக்காரர் குழலை மாட்டு வண்டிலில், வைக்கோலுக்குள் புதைத்து, மேலே சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்தார். சாக்கை எடுத்ததும் மாமா வண்டிலை ஒரு தடவை சுற்றி வந்தார். அது நாங்கள் படங்களில் பார்த்த டியூபா போல் மடியில் வைத்து நெஞ்சோடு அணைத்து ஊதுவதல்ல. மலைப்பாம்பு சுருண்டு கிடப்பதுபோல் வட்டமாக இருந்தது. தலையை உள்ளே விட்டு, இடது தோளில் மாலைபோல் மாட்டிக்கொள்ள வேண்டும். அகன்ற வாய் தலைக்கு மேலாக முன்னே பார்க்கும். அப்படி ஒன்றை மலாயாவில் ஒரே ஒரு தடவை, ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பாண்டில் கண்டதாக மாமா சொன்னார்.

"நெஞ்சிலை முட்டாது, அண்ணை," என்றார் மேளக்காரர். "பாரம் முழுக்கத் தோளிலைதான். அதுக்காகத்தான் உங்களிட்டைக் கொண்டந்தனான்."

நெஞ்சில் முட்டாதது ஏன் அவ்வளவு பெரிய நன்மை என்று எனக்கு விளங்கவில்லை. மாமா தலையாட்டினார்.

அவர் குழலைப் பார்த்த விதம், எங்கள் தகப்பனார் எருது வாங்கும்போது பார்ப்பதைப் போலவே இருந்தது. வளைவுகளை விரலால் தடவி நசிவு உண்டா என்று பார்த்தார். விசைகளை ஒவ்வொன்றாக அமுக்கி, அவை திரும்பி வரும் வேகத்தைக் கவனித்தார். இழுத்து நீட்டும் சிறு குழாய்களில் ஒன்று இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு இளக்கினார். அம்மா பழைய சேலைத் துண்டொன்றை மடித்துத் தோளில் வைத்துவிட, மாமா குனிந்து தலையை உள்ளே விட்டார். வாசல் படலை வரைக்கும் நடந்தார், திரும்பி வந்தார். மாமரத்தடியில் போட்டிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்த்தார், எழும்பிப் பார்த்தார். முகத்தில் வியர்வை. ஆனால் அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. சட்டை போடாத மனிதருக்குப் பித்தளையில் ஒரு நகை போட்டுவிட்டது போல் இருந்தது.

மேளக்காரர் குழலின் கிண்ணத்தை நீட்டினார். மாமா அதை வாங்காமல் தன் லேஞ்சியை அவிழ்த்துத் தன்னுடையதைப் பொருத்திக்கொண்டார்.

"பிள்ளை, நீ போய்த் துலாவடியிலை நில்லு," என்றார் என்னிடம். "ஊதுறவனுக்குத் தன்ரை சத்தம் தெரியாது. தூர நிண்டு கேக்கிறவைக்குத்தான் தெரியும். எப்பிடிக் கேட்டுது எண்டு வந்து சொல்லவேணும்."

துலாவடி என்பது வளவுக்குப் பின்னால், புகையிலைத் தோட்டத்தின் மறுகரையில் இருந்த கிணறு. நான் ஓடிப்போய் நின்றேன். எனக்கு வயது எட்டு. அதுவரை எந்தப் பெரியவரும் என் அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை.

அவர் எடுத்தது ஆறுதலாக, மெல்ல மெல்லப் போகும் ஒரு பாட்டு. வேகமான பாட்டில் எந்தக் குழலும் தப்பிவிடும், நீட்டிப் பிடிக்கும் பாட்டில்தான் குழலின் குணம் தெரியும் என்பது அவர் கொள்கை. ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஆறுதலான பாண்டுப் பாட்டு ஒன்றுதான் இருந்தது. வேதக்காரரின், அதாவது கிறிஸ்தவர்களின், சவ ஊர்வலம் தெருவால் போகும்போது வாசிப்பது.

சத்தம் காதுக்கு வருமுன் காலுக்கு வந்தது. கிணற்றுக் கட்டு என் கைக்குக் கீழே அதிர்ந்தது. அவ்வளவு நல்ல சத்தம். ஆனால் அது தொடர்ந்து வரவில்லை. ஒரு நீளமான தொனி தொடங்கும், பாதியில் அறுந்துபோகும். சற்றுப் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து இன்னொரு துண்டு வரும். நான் கவனமாகக் கேட்டு, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு திரும்பினேன்.

நான் வந்தபோது முற்றத்தில் ஆட்கள் நின்றார்கள். தோளில் சால்வையோடு ஒழுங்கையிலிருந்து இரண்டு மூன்று ஆண்கள் வந்து படலைக்குள் நின்றார்கள். பக்கத்து வளவு மாமி தலைமயிரை விரித்துப் போட்டபடி பாதி முற்றம் வரை ஓடிவந்து, மாமரத்தடியில் குழலோடு இருந்த மாமாவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். மாமி இரண்டு கையாலும் மயிரை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டே, கறிவேப்பிலை கொஞ்சம் கேட்க வந்ததாக அம்மாவிடம் சொன்னாள்.

மாமா கிண்ணத்திலிருந்து வாயை எடுத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"இண்டைக்கில்லை, மச்சாள்," என்றார். "இண்டைக்குக் குழலைத்தான் பாக்கிறம்."

மாமி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சிரித்தது மாமாவும் நானுந்தான். கறிவேப்பிலைக்குத் தலைவிரி கோலமாக ஓடிவருவார்களா என்று எனக்குச் சிரிப்பு. அம்மா உள்ளே போய் உண்மையாகவே ஒரு கொத்துக் கறிவேப்பிலை முறித்துவந்து கொடுத்தாள். மாமி அதை வாங்கிக்கொண்டு போனாள். ஆண்களும் போனார்கள்.

பிறகு மாமா என்னைப் பார்த்து, "சொல்லு பிள்ளை. எப்பிடிக் கேட்டுது?" என்றார்.

"நல்ல சத்தம், மாமா. ஆனா நடுவிலை நடுவிலை அறுந்து போகுது. குழலிலை எங்கையோ பிழை இருக்கு."

அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள். மாமா கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். மேளக்காரரைப் பார்த்தார். மேளக்காரர் தன் தமையன் ஊதிய காலமெல்லாம் இந்தக் குழலுக்குப் பக்கத்தில் நின்று மேளம் அடித்தவர். அதன் ஒவ்வொரு குணமும் அவருக்குத் தெரியும். வண்டிலில் வரும்போதுகூட வழியெல்லாம் அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டுதான் வந்திருப்பார்.

"பிள்ளை சொல்லுறது சரி, அண்ணை," என்றார் அவர். "உள்ளுக்கை எங்கையோ பிழை கிடக்கு. நான் பாராமல் கொண்டந்திட்டன்."

"ஓம்," என்றார் மாமா. "எனக்கும் அப்பிடித்தான் பட்டுது."

இருவரும் சேர்ந்து குழலைத் தோளிலிருந்து கழற்றினார்கள். மாமா தன் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து லேஞ்சியில் சுற்றினார். அம்மா மேளக்காரருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். தன் பொருளைப் பழுதென்று தானே சொல்லித் திருப்பி ஏற்றிக்கொண்டு போகும் ஒரு விற்பனைக்காரரை நான் பின்பு எங்கும் கண்டதில்லை. பிழையைக் கண்டுபிடித்த பெருமையில் நான் வண்டிலுக்குப் பின்னால் ஒழுங்கை முடியும் வரை ஓடினேன்.

முடிசூட்டு ஊர்வலத்துக்கு மாமா போகவில்லை. பள்ளிக்கூடத்தில் தந்த கொடியை அவருடைய கொட்டிலின் கிடுகில் குத்திவிட்டேன். அது மழையைக் காணாமலே வெளிறிப்போனது.

ஆனி மாதத்தில் அவர் காலமானார். எங்கள் வீட்டில் பறைமேளம் ஒலித்துக்கொண்டிருந்தபோது, சொல்லி அனுப்பாமலே, மயிலிட்டியிலிருந்து பாண்டுக்காரர் நடந்து வந்தார்கள். சைவ வீட்டுச் செத்தவீட்டில் இது என்ன புதுப் பழக்கம் என்று சிலர் முணுமுணுத்ததாகப் பின்னால் அறிந்தேன். வட்டக் குழலை, அதற்குள் ஊதப் பழகிவிட்ட ஓர் இளைஞன் தோளில் மாட்டியிருந்தான். மேளக்காரர் என்னைக் கண்டும் காணாதவர்போல் நின்றார். சவம் படலை தாண்டியதும் அதே பாட்டைத் தொடங்கினார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையில் நின்று அம்மா அழுதாள். நான் அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு, மாமா கற்பித்தபடி தூர நின்று கேட்கும் காதோடு கேட்டேன். ஒழுங்கை திரும்பி, பனங்காணியைக் கடந்து, தெருவில் ஏறும் வரைக்கும் அந்த அடித்தொனி ஓரிடத்திலும் அறாமல் நீண்டு போய்க்கொண்டேயிருந்தது.

நான் அம்மாவின் சேலையை இழுத்து, "குழலைத் திருத்திப்போட்டினம், அம்மா," என்றேன்.