இரண்டாவது பட்டன்

நாகலாபுரம் முனிரத்தினத்துக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நான்கையும் ஃபேக்டரியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் வாங்கிக்கொண்டது. அதற்கு முன்னால் பிவிசி பைப்பில் அவரே கட்டிய டெலஸ்கோப் இரண்டு வருஷமாகச் சும்மா கிடந்தது. ஃபோகஸ் திருகை அந்தக் கையால் திருப்ப முடியாது. பழக்கமில்லாத இடது கை பட்டாலோ குழாயே ஆடி, நிலா துள்ளி ஓடிவிடும்.

புத்தூர் பழைய இரும்புக் கடையில் கிடைத்த பிரிண்டரிலிருந்து சின்ன மோட்டரைக் கழற்றி, ரப்பர் பெல்ட் போட்டுத் திருகோடு சேர்த்தார். ஒரு ஸ்க்ரூ முடுக்க ஒரு பொழுது போனது. உதவிக்கு வந்த மனைவி ரூபாவிடம் எரிந்து விழுந்தார்.

பொழுது சாயும் நேரம். ரூபா கண் வைத்துப் பார்க்க, அவர் மோட்டரை ஓட்டினார். மங்கலாய் இருந்த நிலா மெல்லத் தெளிந்து, பள்ளமும் மேடுமாய் அசையாமல் நின்றது.

"நல்லா தெரியுது," என்றவள் திரும்பினாள். இடது கையால் ஒரு பட்டன், வலது கட்டைவிரலால் இன்னொன்று என இரண்டையும் அழுத்திக்கொண்டிருந்தார். "இம்மாத்தூண்டு மோட்டருக்கு இன்னாத்துக்கு ரெண்டு? ஒன்னு போதுமே."

"பிரஸ்லயும் ரெண்டு இருந்துது. ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாதான் மெஷின் எறங்கும். பீஸ் கணக்கு ஏறணும்னு எல்லாரும் ஒன்ன அமுக்கி வச்சி டேப் போட்டு ஒட்டிக்கினு இருந்தாங்க. என்னுத நான்தான் ஒட்டினேன்."

இரண்டு வருஷமாக ஊரெல்லாம் கம்பெனிக்காரனைச் சபித்தவள் ரூபா. மறுபடியும் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க அது வசதியாக இருந்தது.