விரால் விழுங்கும் வரை

என் நைனாவை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது காற்றில் ஆடும் வெறும் தூண்டில் முள்தான். செம்பரம்பாக்கம் ஏரியில், கோடையில் தண்ணீர் இறங்கி அல்லியும் கோரையும் மண்டிக் கிடக்கும் ஓரத்தில் அவர் நிற்கிறார். காக்கி பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி விட்டிருக்கிறார். அல்லி இலைகளின் மேல் தவளைக் குஞ்சு கோத்த முள் தத்தித் தத்திப் போகிறது. சளப் என்று ஒரு சத்தம், ஓர் இலை கவிழ்கிறது, அந்த நொடியே நைனா மூங்கில் கழியை வானத்தைப் பார்த்துத் தூக்கிவிடுகிறார். மீன் இல்லை. பல சமயம் தவளையும் இல்லை. நைலான் நரம்பின் நுனியில் முள் மட்டும் வெயிலில் மினுக்கிக்கொண்டு ஆடுகிறது. அதைப் பார்த்து அவர் சொல்லும் வார்த்தையை எழுதினால் இதை அச்சடிக்க மாட்டார்கள்.

நைனாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டுகிற வேலை. தகட்டை வைக்க வேண்டும், காலால் மிதிக்க வேண்டும், கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கத் தாமதித்தால் விரல் போய்விடும். அவரோடு சேர்ந்தவர்களில் பத்து விரலும் முழுசாக வைத்திருந்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான், அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. வேலை நாளெல்லாம் சட்சட்டென்று இழுத்துப் பழகிய கை அது. எண்பதுகளில் நாங்கள் குமணன்சாவடியில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். அங்கேயும் அந்தக் கை சும்மா இராது. பால் பொங்குமுன்னே அடுப்பை அணைப்பார். பஸ் நிற்குமுன்னே குதிப்பார். சட்டினி அரைபடுமுன்னே தட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அம்மா அவருக்கு ரயில் வண்டி என்று பேர் வைத்திருந்தாள்.

எனக்குத் திக்குவாய். அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. தெருவில் பிள்ளைகள் கேலி பேசியதெல்லாம் பெரிய விஷயமில்லை, திருப்பி ஒரு கல்லை எறிந்தால் ஓடிவிடுவார்கள். கல்லெறிய முடியாத ஆள் நைனா. நான் ஒரு சொல்லின் முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, மிச்சத்தை அவர் சொல்லிவிடுவார். கடையில், டாக்டரிடம், கோயிலில், சொந்தக்காரர் வீட்டில், எங்கே யார் என்னைக் கேட்டாலும் பதில் அவர் வாயிலிருந்து வரும். பாசம்தான், வேறென்ன. பிள்ளை தவிப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது. ஆனால் அவர் முடித்த வாக்கியங்களில் பாதி நான் சொல்ல வந்ததே இல்லை. எனக்குப் பசிக்கவில்லை என்று ஆரம்பிப்பேன், பசிக்குதா கண்ணு என்று தட்டை வைத்துவிடுவார். நானும் தின்று தொலைப்பேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துச் சொல்வதைவிட இரண்டு இட்லி தின்பது சுலபம்.

எட்டாவது படிக்கும்போது நைனாவிடம் பேசுவதையே விட்டுவிட்டேன். கோபித்துக்கொண்டு அல்ல, அலுத்துப் போய். தலையை ஆட்டினால் போதும், வீடு நடந்தது. அம்மாவிடம் பேசுவேன், எதிர்வீட்டுப் பெண்ணிடம் பேசுவேன், எங்கள் ஆட்டுக்குட்டியிடம்கூடப் பேசுவேன். நைனாவிடம் மட்டும் தலையாட்டல். அவருக்கு அது தெரிந்திருந்தது. ஒரு நாள் நான் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் அம்மாவிடம் கேட்டார். "ஏன்டி, கொயந்த எங்கிட்ட மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குது? நான் இன்னா பண்ணேன்?" அந்தக் குரலில் அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆனால் எழுந்து போய்ப் பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அதையும் அவரே முடித்துவிடுவாரே.

இப்படி இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு ஏரிக்குப் போனேன். அங்கே யாரும் பேசக் கூடாது, பேசினால் மீன் கலைந்துவிடும் என்பது சட்டம். எனக்கு அதைவிடச் சௌகரியம் என்ன வேண்டும்? உலகத்தில் எல்லோரும் என் மாதிரி ஆகிவிடும் இடம் அது ஒன்றுதான். நைனாவோடு பட்டறையில் வேலை செய்த ஒருவர் ஆவடியிலிருந்து சைக்கிளில் வருவார். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒரு கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கும். அந்தக் கையை வைத்துக்கொண்டு மனிதர் கை நீளத்துக்கு விரால் பிடிப்பார். நைனாவோ முழுசாகப் பத்து விரலோடு வெறுங்கையாய் வீடு திரும்புவார்.

அதற்கு அவர் சொல்லாத காரணம் இல்லை. முள் மொக்கை என்பார், பாரிமுனை வரை போய்ப் புது முள் வாங்கி வருவார். நரம்பு வெள்ளையாக இருப்பதால் மீன் பார்த்துவிடுகிறது என்பார், பச்சை நரம்பு வரும். கழி கனம் என்பார், தவளை பெரிசு என்பார், போன வாரம் பெய்த மழை என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே சொல்லுவாள். மாமா மட்டும் நேராகவே சொன்னார். "மச்சான், முள்ளுல ஒண்ணும் இல்ல. விரால் கவ்விக்கினு கீய போவும், திரும்பும், அப்பால தான் முயுங்கும். நீ அது வாய வெச்ச ஒடனே புடுங்கிட்ற. அது இன்னா பிரஸ்ஸா?" நைனாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. அவரவர் தூண்டிலை அவரவர் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டு அல்லிப் படர்த்தியின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கழியை என் கையில் கொடுத்துவிட்டு நைனா பீடி பற்றவைக்கக் கரைமேட்டுக்குப் போனார். போனவர் மாமாவோடு பட்டறைக் கதையில் இறங்கிவிட்டார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சளப். இலை கவிழ்ந்தது, நரம்பு விறைத்துக்கொண்டு கோரைக்குள் ஓடியது. கழியைத் தூக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நைனாவைக் கூப்பிட வேண்டும் என்றுதான் தோன்றியது. வாயைத் திறந்தேன். 'ந'வில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அந்த ஒரு எழுத்து நகரவே இல்லை. கையில் கழி தாழ்ந்தபடியே இருந்தது. கடைசியில் நைனா என்று வெளியே வந்தபோது ஏரிக்கரை முழுக்கக் கேட்கும் அலறலாக வந்தது. அவர் ஓடி வந்து கழியைப் பிடுங்கித் தூக்கினார். தூக்க முடியவில்லை, கழி வில்லாக வளைந்தது. இரண்டு பேருமாகப் பின்னால் நடந்து கரையேற்றினால், நைனாவின் தொடை தடிமனுக்கு ஒரு விரால் கோரையில் புரண்டது. முள் தொண்டைக்குள்ளே போயிருந்தது.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பொண்ணு திக்கி முடிக்கிறதுக்குள்ள மீன் நிதானமாக முழுங்கிவிட்டது, இனிமேல் கழியை அவளிடமே கொடுத்துவிடு என்றார். கெட்ட எண்ணமில்லை, மனசில் பட்டதைப் பேசுகிற மனிதர். எனக்கு அவமானமாக இருந்தது. நைனா கோபித்துக்கொண்டு ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் மீனின் வாயைப் பிளந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் ரயில் வண்டி அத்தனை மெதுவாகச் சைக்கிள் மிதித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஏரியில் அவர் ஒரு வேடிக்கை பண்ணினார். தூண்டிலை வீசும் முன்னே பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டார். விரால் கவ்வினால் அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விழுங்குவது, கடைசிச் சொட்டு தொண்டையில் இறங்கிய பிறகே கழியைத் தூக்குவது என்று தனக்குத்தானே ஒரு விதி. கையை நம்ப முடியாது என்று தெரிந்துகொண்டவர், கைக்கு வாயைக் காவல் வைத்தார். முதல் நாள் மீன் கவ்வியதும் தண்ணீர் மூக்கில் ஏறிப் புரையேறி, கழியோடு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த வாரமும் கை முந்திக்கொண்டது. பல வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் தண்ணீர் முழுக்க இறங்கியது, கழி தூக்கினார், விரால் வந்தது. மாமா விசிலடித்தார். நைனா அந்த மீனை முத்தமிட்டார் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

இத்தோடு விட்டிருந்தால் இது வெறும் மீன் கதை. ஒரு சாயங்காலம் நான் அடுப்படியில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மாவிடம்தான். நைனா சட்டென்று சொம்பை எடுத்து ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்து சொல்ல வந்ததே மறந்துவிட்டது. அவரும் சிரித்து, தண்ணீரெல்லாம் அம்மாவின் முதுகில் போய் விழுந்தது. அம்மா திட்டிய திட்டு குமணன்சாவடி ஜங்ஷன் வரை கேட்டிருக்கும். ஆனால் அவர் விடவில்லை. நான் வாயெடுத்தால் அவர் சொம்பெடுப்பார். அவருக்கு வாய்ப்புண் என்று பக்கத்து வீட்டில் ஒருத்தி மணத்தக்காளிக் கீரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்தாவது முடித்த வருஷம் அது. பூந்தமல்லியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் நைனாவைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணுக்கு டைப்பிங் குரூப்தான் சரி, வாயில் வேலை இல்லாத தொழில், சயின்ஸ் எடுத்தால் செய்முறைத் தேர்வில் கேள்வி கேட்பார்கள், இவள் எப்படிப் பதில் சொல்லுவாள் என்று சொல்லியிருந்தார். நைனா சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். எனக்கு சயின்ஸ் வேண்டும். மைக்ராஸ்கோப்பை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன், அதிலேயே மனசு போய்விட்டது. இரண்டு நாள் தின்னாமல் புழுங்கினேன். மறுநாள் குரூப்பில் சேர நாங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றிருந்தபோது, அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். சொம்பு வந்தது, கன்னம் உப்பியது. அவரிடம் நான் சொல்லி முடித்த முதல் முழு வாக்கியம் அன்று வந்தது. நின்று, மாட்டி, மூச்சு வாங்கி, மறுபடி பிடித்துச் சொன்னேன்.

"நாளைக்கு நீ உள்ள வராத நைனா. நீ வந்தா எனுக்கு வாயே வராது."

அத்தனை நாள் காத்திருந்தவருக்குக் கிடைத்தது இது. எந்தத் தகப்பனுக்கும் உறைக்கும். அவர் முகம் விழுந்ததைப் பார்த்தேன். ஐயோ, இதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நினைத்தேன். வாயிலிருந்த தண்ணீரை மெல்ல விழுங்கினார். விழுங்கி முடித்த பிறகு, சரி, வாசலில் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

இன்று நான் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். திக்கல் போகவில்லை. வயதானால் போய்விடும் என்று சொன்னவர்கள் போய்விட்டார்கள், அது போகவில்லை. நைனாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. செம்பரம்பாக்கம் கரையில் இப்போது காரை நிறுத்திவிட்டுப் படம் பிடிக்கிறார்கள். செல்போனில் நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லோருக்கும் அவசரம். எனக்கு மட்டும் அந்த நேரத்தில், உப்பிய இரண்டு கன்னங்கள் வேண்டும் போல இருக்கும். அழுதுவிடுவேன்.

அன்று சொன்னபடியே மறுநாள் பள்ளிக்கூடத்து வாசலில், வேர்க்கடலைக்காரர் பக்கத்தில் சைக்கிளோடு நின்றார் நைனா. நான் உள்ளே போனேன். வெளியே வந்தபோது நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவர் உடம்பெல்லாம் துடித்தது எனக்குத் தெரிந்தது. நான் கேரியரில் ஏறி உட்கார்ந்ததும் மிதிக்க ஆரம்பித்தார். கரையான்சாவடி தாண்டியதும் நானாகவே சொல்லத் தொடங்கினேன். உள்ளே எத்தனை டீச்சர் இருந்தார்கள், யார் சிரித்தார்கள், பெரிய டீச்சர் எனக்குப் பதிலாக எத்தனை முறை பதில் சொல்லப் பார்த்தார், நான் எப்படி விடவில்லை, எல்லாவற்றையும். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போயின. என் வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு பஸ் ஸ்டாப் தூரம் ஓடியது.

செய்முறைத் தேர்வில் கேள்வி கேட்டால் என்ன பண்ணுவாய் என்று பெரிய டீச்சர் கேட்ட இடத்துக்கு நான் வந்தபோது எங்கள் வீடு வந்துவிட்டது. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நைனா பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பெல் மட்டும் அடித்துவிட்டு அம்மாவைத் தாண்டிப் போனார். எங்கே போகிறீர்கள் என்று அவள் கத்தியது பின்னால் தேய்ந்தது. ஜங்ஷன் போனது, கடைகள் போயின, நான் இன்னும் அதே வாக்கியத்தில் இருந்தேன். காட்டுப்பாக்கம் எல்லைக்குப் போனபோதுதான் பெரிய டீச்சரிடம் நான் சொன்ன பதிலை அவரிடம் சொல்லி முடித்தேன்.

"லேட்டாதான் சொல்லுவேன் டீச்சர். ஆனா சொல்லிடுவேன்."

நைனாவின் முதுகு ஒரு தரம் குலுங்கியது. சைக்கிளை நிறுத்தவும் இல்லை, திரும்பவும் இல்லை. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிதித்துக்கொண்டே கேட்டார்.

"அப்பால?"