காக்காவின் முன்பல்லில் இருந்த கோடு

“மேல் முன்பல், இடது. வேர்க்கால்வாய்ச் சிகிச்சை முடிந்தது. பல்லுறை அவசியம். அதுவரை இந்தப் பல்லால் கடிக்கக் கூடாது.”

2024 பெப்ரவரி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை திகதியிட்ட சிகிச்சை அட்டையில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதன் தமிழ் இது. அட்டை என் காக்காவுடையது, அதாவது என் அண்ணனுடையது. அவர் குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ். மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர். காத்தான்குடியில் வாவிப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் வருடாவருடம் நோன்பு மாதத்தில் இரவில் குர்ஆன் ஓதித் தொழும் தராவீஹ் தொழுகையை முன்நின்று நடத்துபவரும் அவர்தான். நான் அவரை மோட்டார் சைக்கிளில் மட்டக்களப்பு நகரத்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவன். அதனால் நடந்ததில் பெரும்பகுதியை நேரில் பார்த்தேன்.

பல் பழுதானதற்குக் காரணம் பழைய அடி. சைக்கிளில் இருந்து விழுந்தபோது கைப்பிடி வாயில் பட்டது. பல் விழவில்லை, கறுத்துப்போனது. பல வருடம் சும்மா இருந்துவிட்டு அந்த மாசியில் பல்லைச் சுற்றிய ஈறு, எங்கள் பேச்சில் முரசு, வீங்கியது.

அரபு எழுத்துகளில் மூன்றை நாக்கின் நுனியை மேல் முன்பற்களின் விளிம்பில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்றுக்குக் கீழுதட்டின் உட்புறம் அதே விளிம்பைத் தொட வேண்டும். பல் இல்லாவிட்டால் எழுத்து மாறும். சில இடங்களில் எழுத்து மாறினால் பொருளும் மாறும். ஆகவே காக்காவுக்குப் பல் போவது என்பது இமாமாக நிற்பது போவதுதான். டொக்டரிடம் அவர் முதலில் கேட்டதும் அதைத்தான்.

“நோவு கிடந்தாலும் பரவாயில்ல டொக்டர். பல்லு நிக்குமா?”

“நிக்க வைக்கத்தானே மௌலவி இந்தப் பாடு,” என்றார் டொக்டர். தன்னாமுனைப் பக்கத்துப் பெண். பேச்சு மெது, கை வேகம்.

மூன்று தடவை போனோம். வேரின் உள்ளே சுரண்ட, ஊசியைவிடக் கொஞ்சம் தடித்த, முறுக்கிய அரங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நிறம். மெல்லியதில் தொடங்கிப் படிப்படியாகத் தடித்ததுக்குப் போனார். இடையிடையே மருந்து நீரால் கழுவினார். துணி வெளுக்கிற மருந்தின் மணம் அறை முழுக்க இருந்தது. அரத்தை வெளியே எடுத்துத் துடைக்கும்போது பஞ்சில் வெள்ளைத் தூள் ஒட்டியிருப்பதைக் கண்டு, அது அழுக்கா என்று கேட்டேன்.

“அழுக்கும் இருக்கு, பல்லும் இருக்கு,” என்றார். “அரத்துக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.”

பிறகு விளக்கினார். அழுகிய சதையை மட்டும் தனியே எடுக்க வழியில்லை. பல்லின் உட்சுவரையும் சேர்த்துச் சுரண்டித்தான் ஆக வேண்டும். குறைவாகச் சுரண்டினால் கிருமி தங்கும். கூடச் சுரண்டினால் சுவர் மெலியும். வேர் வளைந்திருந்தால் அரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அந்தப் பக்கத்தையே அதிகம் தின்னும். எங்கள் மணல் நிலத்தில் கிணறு இறைத்துச் சேறு அள்ளுகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். மண்வெட்டி சேற்றோடு கிணற்று வளையத்தின் சீமெந்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். டொக்டரிடம் அதைச் சொன்னேன். கிணற்று வளையத்தை மாற்றலாம், பல்லின் சுவரை மாற்ற முடியாது என்றார்.

பல்லுறை போட இன்னும் இரண்டு தடவை வர வேண்டும். நோன்புக்கு இரண்டு கிழமைதான், பதினான்கு நாள்தான், இருந்தது. காக்கா அந்தக் கிழமைகளில் தினமும் ஓதலைத் திருப்பிப் பார்ப்பவர். நோன்பு தொடங்கிய பிறகு வாய்க்குள் நீர் பீச்சுகிற வேலைக்கு அவர் இணங்கமாட்டார். இத்தனைக்கும், விழுங்காவிட்டால் நோன்பு முறியாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான்.

“நோன்புப் பெருநாள் கழிய வாறன்,” என்றார்.

“அதுவரைக்கும் அந்தப் பல்லால ஒண்டையும் கடிக்கப்படாது.”

“நோன்புக்காரன் என்னத்தக் கடிக்கப் போறான் டொக்டர்?”

டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டில் கவனத்துக்குக் குறைவில்லை. ஈச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிக் கிழித்து வைத்தார்கள். கஞ்சியில் இறைச்சி அரைத்துப் போட்டார்கள். மொறுமொறுவென்று பொரித்த றோல்ஸ் அவருக்கு மறுக்கப்பட்டது. “இந்த வருஷம் நாங்க எல்லாரும் உங்கட காக்காட பல்லுக்குத்தான் நோன்பு பிடிக்கிறம்,” என்றார் அவர் மனைவி, என் மதினி. முதல் பத்து இரவுகளும் ஓதலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

யாரும் மிஸ்வாக்கைப் பற்றி நினைக்கவில்லை. அது சாப்பாடு அல்ல. காக்கா ஆயுள் முழுக்க மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குகிறவர். உச்சி சாய்ந்த பிறகு நோன்பாளி அதைப் பாவிப்பதை நாங்கள் பின்பற்றும் சட்டப் பிரிவான மத்ஹபில் விரும்புவதில்லை என்பதால் நோன்பில் காலையிலேயே முடித்துவிடுவார். புதுக் குச்சி என்றால் நுனித் தோலை முன்பற்களால் கடித்து உரிக்க வேண்டும். பிறகு நுனியை மென்று தும்பாக்க வேண்டும். நோன்பின் நடுப் பத்து நாளில் ஒரு காலை, பழைய குச்சி தேய்ந்துபோய், காய்ந்த புதுக் குச்சி ஒன்றை எடுத்தார். கிணற்றடியில் சின்னச் சத்தம் ஒன்று கேட்டதாக மதினி சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நான் போனபோது காக்கா உள்ளங்கையில் பல்லின் வெளியே தெரிந்த பாதியை வைத்துக்கொண்டு நின்றார். உட்பக்கம் முட்டை ஓடு போல மெல்லியதாக இருந்தது.

“கடிக்கப்படாது எண்டுதானே டொக்டர் சொன்னவ,” என்றேன்.

“துலக்கப்படாது எண்டு சொல்லலியே.”

நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு ஓதிக் காட்டினார். அந்த மூன்று எழுத்துகளிலும் காற்று இடைவெளியால் சீறியது. அவரே பாதியில் நிறுத்திவிட்டுப் பள்ளிவாசல் நிருவாகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அன்றிரவு ஏறாவூரில் இருந்து வந்த ஒரு ஹாபிழ் இமாமாக முன்னுக்கு நின்றார். காக்கா அவருக்கு நேர் பின்னால், முதல் வரிசையில், தடுமாறினால் எடுத்துக்கொடுக்கிற இடத்தில் நின்றார். மாதம் முடியும்வரை அதுதான் அவருடைய இடம்.

உடைவு முரசுக்குள்ளே போயிருந்ததால் இனி உறை போட வழியில்லை. பெருநாள் கழிந்த கிழமை வேரைப் பிடுங்கினார்கள். டொக்டர் அதை விளக்கடியில் பிடித்து எங்களுக்குக் காட்டினார். கால்வாயின் உட்சுவரில் இருந்து நெடுக்காக ஒரு வெடிப்புக் கோடு, மயிரிழை அளவு.

அந்தக் கோடு எதனால் விழுந்தது என்று அறிய வேண்டிய தேவை காக்காவுக்கு இருந்தது. பக்கத்து முன்பல்லும் அதே அடியில் பட்டது. அதுவும் இப்போது கறுக்கத் தொடங்கியிருந்தது. அதற்கும் அரம் போட வேண்டும்.

“இந்தக் கோடு அரத்தாலயா?” என்று கேட்டார்.

“இருக்கலாம். பழைய அடியாலயும் இருக்கலாம், குச்சியாலயும் இருக்கலாம். ஏன், இப்ப நான் பிடுங்கின குறட்டாலயும் இருக்கலாம். காய்ஞ்ச பல்லிலயும் இப்பிடிக் கோடு விழும்.”

“உங்களுக்கே தெரியாட்டி நான் எப்பிடி மற்றப் பல்லத் தாறது?”

“அரம் போட்டா மெலியும், அது நிச்சயம். போடாட்டி அழுகும், அதுவும் நிச்சயம். பல்லுறையை மட்டும் இந்த முறை பெருநாளுக்குத் தள்ளாதீங்க, மௌலவி.”

காக்கா கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

அந்தப் பல்லுக்கு ஒரு மாதத்துக்குள் உறை ஏறியது. போன பல்லின் இடத்தில் பொய்ப்பல் ஒன்று இருக்கிறது. எழுத்துகள் சரியாக வருகின்றன என்று மத்ரஸாவின் மூத்த ஆசிரியரான உஸ்தாத் கேட்டுச் சொன்னார். அடுத்த நோன்பில் காக்கா மீண்டும் முன்னுக்கு நின்றார். முதல் பல்லின் கோடு அரத்தால் விழுந்ததா, வேறெதனாலாவதா என்பது உறுதிப்படவில்லை. வேர் கிளினிக்கிலேயே கழிக்கப்பட்டுவிட்டதால் இனி உறுதிப்படுத்தவும் வழியில்லை.